எண்ணூருக்கு மூக்குதான் சைரனா?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. வலை போச்சு, படகு போச்சு. வாளியும் மக்குமாக இறங்கி அள்ளியதும் மீனவர்களே!

அந்தக் கறை போகுமுன், 26-ந்தேதி நள்ளிரவு. பெரியகுப்பம் கடலோரம் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. ஊரை எழுப்பியது நெடிதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் வந்தது. ஆலையை மூடச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. உரக் கம்பெனியை மூடவும் சொன்னது. சரிதான். ஆனால் கசிந்த பிறகு!

அபராதம் போடுவது கணக்குப்பிள்ளை வேலை. வாரியம் இருப்பது காவலுக்கு. வந்தாங்க, பார்த்தாங்க, பாட்டிலில் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க என்றால் போதுமா? கடலுக்கடியில் கிடக்கிற குழாயை, அது உடையுமுன் அல்லவா சோதிக்க வேண்டும்?

காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று குப்பத்துக்குக் குப்பம் தமிழில் போர்டு வைக்கட்டும். மாதம் ஒரு தரம், ஊரார் முன்னாலேயே சைரனை ஊதிக் காட்டட்டும். ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கட்டும்.