அணங்கை அடக்கியது யார்?

பெண்ணுக்குள் ஆபத்தான ஒரு சக்தி உறங்குகிறதாம். கற்புக்குள் அடங்கியிருந்தால் அது குடும்பத்தைக் காக்குமாம். கட்டு அறுந்தால் ஊரையே அழிக்குமாம். அதைத்தான் சங்கத் தமிழர் 'அணங்கு' என்றார்களாம். ஆய்வரங்குகளில் கேட்ட இந்தக் கதையை இப்போது பெண்ணியம் பேசும் தோழர்களும் பெருமையோடு பகிர்கிறார்கள்.

1975இல் வெளியான தம் சங்க இலக்கிய நூலில் ஜார்ஜ் ஹார்ட் விரித்துரைத்த கருத்து இது. அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. பறையரும் பாணரும் புலையரும் இந்தச் சக்தியோடு புழங்கி அதைக் கட்டுப்படுத்தியவர்கள். அதனாலேயே அவர்களும் ஆபத்தானவர்களாகக் கருதப்பட்டார்கள். தீண்டாமையின் வேர் அங்கே கிடக்கிறது என்கிறார்.

சாதி முழுக்க வடக்கிலிருந்து வந்த சரக்கு என்ற நம் வசதியான கதையை ஹார்ட் ஏற்கவில்லை. அதில் எனக்குச் சண்டையில்லை. சண்டை, அவர் காட்டும் காரணத்தோடுதான்.

சொல் பழையது, ஏற்றிய பொருள்தான் புதியது. அணங்கைப் பெண்ணின் புனித ஆற்றலாகச் சுருக்குவது தவறு என்று 1986இலேயே வி.எஸ். ராஜம் சங்கப் பாடல்களைக் கொண்டே எழுதினார். வருத்தம், அச்சம், தெய்வம் என்று அச்சொல் பல பொருளில் வருகிறது. மலைக்கும் அணங்கு உண்டு. குறளின் 109ஆம் அதிகாரம் 'தகையணங்குறுத்தல்'. அங்கே தவிப்பது அவளைப் பார்த்தவன். அவளிடம் அடக்கிவைக்க எதுவுமில்லை.

சொற்பொருள் தகராறுதானே என்று விட முடியாது. 'உன்னிடம் சக்தி இருப்பதால்தான் பூட்டி வைத்தோம்' என்பது பூட்டியவனின் வாக்குமூலம். அதை ஆய்வுமுடிவாக எழுதினால் ஒடுக்குமுறை பாராட்டாகிவிடும்.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் எந்த மர்ம சக்தியும் இல்லை. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் அகமணத்தைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பெண்ணைக் கட்டிவைத்தது சாதியின் தேவை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூடுதல் நெல் கூலி. பண்ணையார்கள் அஞ்சியது செங்கொடியின்கீழ் திரண்ட உழைப்பாளிகளுக்கு, அணங்குக்கு அல்ல.

அடுத்தமுறை யாராவது நமக்குள் இருக்கும் 'அடங்கிய சக்தி' பற்றி உருகினால், இரண்டே கேள்விகள் கேளுங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? அவள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?