கண்டிக்கு வடக்கே இருந்து ஏறுங்கள்

இலங்கைச் சுற்றுலா விளம்பரங்கள் இப்போது புதுக்கோட்டைச் சுவர்களிலும் தென்படுகின்றன. கொழும்பில் இறக்குவார்கள். கண்டியில் தலதா மாளிகை, நுவரெலியாவில் தேயிலைத் தோட்டம், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம். அப்புறம் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மத்திய மாகாணம், ஊவா மாகாணம் இரண்டும் பார்த்தாகிவிட்டது என்று கணக்கு.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் நான் வேறு வழி சொல்வேன். கொழும்பில் இறங்கினாலும் நேரே மலைக்கு ஏறாதீர்கள். வடக்கே மன்னாருக்குப் போய்விட்டு, அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறுங்கள். சுற்றுவழிதான். ஆனால் நம் ஆட்கள் நடந்த வழி அது.

கண்டிச் சீமை என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது வெளிநாடு இல்லை. கண்மாய் வறண்டால் போகிற இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணி வந்து முன்பணம் கொடுத்துத் தோட்ட வேலைக்கு ஆள் கட்டுவார். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் கரைகளிலிருந்து படகு. மன்னார்க் கரையில் இறங்கியதும் காட்டுவழி நடை. காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே ஆளைக் குறைத்தன. அந்த நூற்றாண்டின் கடைசியில் அந்த வழி மூடப்பட்டது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று பயணம் மாறியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆனாலும் சென்னையிலிருந்து புதுக்கோட்டை வழியாக ராமேசுவரம் போகும் ரயிலை நாம் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம். கப்பல் நின்று பல வருஷமாகியும் பேர் போகவில்லை.

வடக்கே இருந்து வந்தால் மலைநாட்டின் வாசலில் தம்புள்ளை. சமவெளியிலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் ஐந்து குகைகள், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட புத்தர் சிலைகள். கி.மு. முதல் நூற்றாண்டில், தமிழ்ப் படையெடுப்பாளர்களிடம் அரியணையை இழந்த வலகம்பா மன்னன் இங்கே ஒளிந்திருந்தான் என்றும், ஆட்சியை மீட்ட பின் குகைகளைக் கோவிலாக்கினான் என்றும் சொல்கிறார்கள். பாறை நெற்றியில் மழைநீர் உள்ளே வராமல் வடிய வெட்டிய காடி, பிராமி எழுத்து. நமக்கு இது பழகிய காட்சி. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் பதினேழு கற்படுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு, கல்லில் படுத்து, கல்லில் பேர் வெட்டி வாழ்ந்த அந்தக் காலத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் பிற்பாடு வருகிறது. நார்த்தாமலையில் சமணர் குடகு என்ற குடைவரையில் பேர் மட்டும் சமணருடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது பெருமாள் கோவிலாகி, உள்ளே பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய துறவி வெளியே, புதிய சாமி உள்ளே. தம்புள்ளையில் யாரும் வெளியேறவில்லை. புத்தருக்கு நடுவே விஷ்ணுவும் இருக்கிறார், மலைத்தெய்வம் சமனும் இருக்கிறார்.

அடுத்தது மாத்தளை. காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் முதலில் மூச்சுவிட்ட ஊர். அங்கே முத்துமாரியம்மன் கோவில். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். நார்த்தாமலையில் பங்குனித் திருவிழா காணும் அம்மனும் முத்துமாரிதான். அம்மை வந்த ஊரிலிருந்து காய்ச்சல் அடித்த ஊருக்குப் போனவர்கள் வேறு யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

கண்டிக்கு வந்தால் தலதா மாளிகை. புத்தரின் பல் இருப்பதாக நம்பப்படும் இடம். தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். அங்கே அது அவமரியாதை. பூசை நேரத்து மேளம் கேட்டால் நம் ஊர்க் கோவில் வாசலில் நிற்பதாகவே காதுக்குத் தோன்றும். அதில் ஆச்சரியம் இல்லை. 1739-இலிருந்து 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் உறவில் வந்தவர்கள். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோன துறவு மரபை மறுபடி தொடங்கிவைத்தான். தம்புள்ளை ஓவியங்களில் பெரும்பகுதி அவன் காலத்துத் திருப்பணி. எசல பெரஹராவில் தலதா ஊர்வலத்துக்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமத்து முருகன், பத்தினி ஆகிய நான்கு கோவில் ஊர்வலங்கள் வருகின்றன. பத்தினி நம் கண்ணகி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்த ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான்.

கண்டிக்கு மேலே ரயில் ஏறும்போது எல்லாரும் கதவோரம் போய்விடுவார்கள். 1924-இல் பதுளை வரை போய்ச்சேர்ந்த பாதை. மேகம், அருவி, வளைவு வளைவாகத் தேயிலை. அந்தப் பச்சை காடு அல்ல. காட்டை வெட்டிய இடத்தில் நட்ட பயிர். முதலில் காப்பி இருந்தது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். ஆகவே பலர் வந்து, வேலை முடித்து, ஊர் திரும்பினார்கள். 1869-இல் இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பத்தோடு லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். போய்வருகிற சீமை தங்கிவிடுகிற சீமையானது அப்போதுதான்.

அந்த லயங்களில் பல இன்னும் இருக்கின்றன. சரிவு அழகாக இருக்கிறதென்று நாம் படம் எடுக்கிற மலையில்தான் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. எல்லவுக்குப் போகிற பயணிகளுக்கு அந்த இடம் அதிகத் தூரமில்லை. ஆனால் எந்த விளம்பரத்திலும் அது வராது.

1948-இல் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களை இங்கே சிலோன்காரர்கள் என்றோம். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த அநியாயம்.

ஆகவே பயணத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பழைய கடிதமோ, பாஸ்போர்ட்டோ, குடும்ப அட்டையோ இருந்தால் எந்தத் தோட்டம் என்று பாருங்கள். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பேர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பேர் ஒன்று என்று இருக்கும்; இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்காரரிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார். சுற்றுலாக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அருவி ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இலங்கையில் அருவிகளுக்குப் பஞ்சமில்லை.