கடமை யாரிடம் பட்ட கடன்?

'கடமை' என்று யாராவது ஆரம்பித்தாலே பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். வீட்டில் அப்பா, பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர், அலுவலகத்தில் மேனேஜர்... கடமையைப் பற்றிப் பேசுகிறவர் எப்போதும் ஒரு படி மேலே நின்றுதான் பேசுவார். சொல்லின் பழைய பொருளும் அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது நிலத்துக்குச் செலுத்த வேண்டிய வரி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'கஸ்டம்ஸ் டியூட்டி' என்கிறார்களே, அதுவும் வரிதான். டியூட்டியும், பாக்கித் தொகையைக் குறிக்கும் 'டியூ'வும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

ஆக, கடமை என்றால் கடன். அப்படியானால் கடன் கொடுத்தவர் யார்? அரசனா, பெற்றோரா, கடவுளா, மேலதிகாரியா?

இந்தக் கேள்விக்கு யாரும் எதிர்பார்க்காத பதில் ஒன்றைச் சொன்னவர் இம்மானுவேல் காண்ட் (1724-1804). கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, அங்கேயே இறந்தவர். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. 1785இல் வந்த அவருடைய ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்து கேட்டாலும் எல்லோருக்கும் சொல்லும் அதே விலையைத்தான் சொல்வார். நல்லவர்தானே? காண்ட் அவ்வளவு சீக்கிரம் பாராட்டுவதில்லை. ஏமாற்றினால் பெயர் கெட்டுவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில் நேர்மையாக இருந்தால் அது வெறும் வியாபார புத்தி. நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நேர்மையாக இருந்தால்தான் அதற்கு ஒழுக்க மதிப்பு. அந்த 'வேண்டும்' என்ற கட்டளையை இடுவது வெளியாள் யாரும் இல்லை, அவருடைய பகுத்தறிவேதான். எல்லோரும் இப்படியே நடந்தால் சரிவருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொள்கிறான் மனிதன். கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் ஒரே ஆள்!

இது வகுப்பறைக்கு மட்டும் உதவும் நுணுக்கம் என்று நினைப்பவர்கள் 1961இல் ஜெருசலேமில் நடந்த வழக்கைப் பார்க்கலாம். லட்சக்கணக்கான யூதர்களை வதை முகாம்களுக்கு ரயில்களில் அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன், தான் காண்ட் சொன்ன கடமை நெறிப்படி வாழ்ந்ததாக விசாரணையில் சொன்னான். நீதிபதிகளில் ஒருவரான ரவே இதை விடாமல் கிளறினார். ஐக்மன் காண்டின் விதியைக் கிட்டத்தட்ட சரியாகவே ஒப்பித்தான் என்று வழக்கை நேரில் பார்த்த ஹன்னா அரெண்ட் 1963இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். யூதர்களை ஒழிக்கும் வேலை கைக்கு வந்த பிறகு அந்த நெறிப்படி வாழவில்லை என்றும் அவனே ஒப்புக்கொண்டான். 1962இல் தூக்கிலிடப்பட்டான். சூத்திரம் மனப்பாடமாகத்தான் இருந்தது. ஆனால் 'தன் பகுத்தறிவு' இருக்க வேண்டிய இடத்தில் ஹிட்லரின் உத்தரவை உட்கார வைத்துவிட்டு, அதற்கும் கடமை என்றே பெயர் வைத்துக்கொண்டான். கடமை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்: முடிவெடுக்கும் வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவது.

ஐக்மனிடமிருந்து காண்டைக் காப்பாற்றிவிடலாம். காண்டிடமிருந்தே காண்டைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

ஒரு கொலைகாரன் வீட்டு வாசலில் வந்து நின்று, "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். நண்பன் உள்ளேதான் ஒளிந்திருக்கிறான். பொய் சொல்லலாமா? பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் சொன்ன பதிலில் மறுபடியும் அந்தக் கடன் கணக்கு எட்டிப் பார்க்கிறது. உண்மையைப் பெறும் உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு. கொலைகாரனுக்கு அந்த உரிமை கிடையாது. கடன் கொடுக்காதவனுக்கு எதற்கு வட்டி? காண்ட் இதை ஏற்கவில்லை. 1797இல் பதில் கட்டுரை எழுதி, அங்கேயும் பொய் சொல்லக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அதற்கு அவர் சொல்லும் காரணம் விசித்திரமானது. நீங்கள் 'இல்லை' என்று பொய் சொல்கிறீர்கள். நண்பனோ உங்களுக்குத் தெரியாமல் பின்பக்கமாக வெளியே போய்விட்டான். திரும்பிப் போகும் கொலைகாரன் தெருவில் அவனைப் பார்த்துக் கொன்றுவிட்டால் அந்தச் சாவுக்கு நீங்களும் பொறுப்பு. உண்மை சொல்லியிருந்தால், அவன் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிடித்திருக்கலாமாம்! இவ்வளவு பெரிய மூளை இப்படி ஒரு சந்தில் போய் முட்டிக்கொண்டதே என்றுதான் தோன்றும்.

ஏன் முட்டிக்கொண்டது? அதே 1797இல் வந்த இன்னொரு நூலில் விடைக்கான தடயம் இருக்கிறது. இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதவே முடியாது என்கிறார் காண்ட். மோதுவது போலத் தெரிந்தால் அவற்றில் ஒன்று உண்மையில் கடமையே இல்லை. இங்கேதான் அவர் தவறினார். வாசலில் நிற்பவருக்கு உண்மை பேசுவதும் கடமைதான், நண்பனைக் காப்பதும் கடமைதான். இரண்டும் நிஜம்.

இதைத் தெளிவாகச் சொல்ல 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் வந்த நூலில் டபிள்யூ. டி. ராஸ் ஏழு வகைக் கடமைகளைப் பட்டியலிட்டார். வாக்கைக் காப்பாற்றுவது, செய்த தீங்குக்கு ஈடு செய்வது, நன்றி காட்டுவது போன்ற சாதாரண விஷயங்கள்தான். ஒவ்வொன்றும் முதல் பார்வைக்குக் கடமை. மோதும்போது எது கனமானதோ அதைச் செய்ய வேண்டும். யாரையோ சந்திப்பதாக வாக்குக் கொடுத்தவர், வழியில் ஒரு பெரிய விபத்தைத் தடுப்பதற்காக வாக்கை மீறலாம், மீற வேண்டும். ஆனால் மீறிய வாக்கு அத்தோடு செத்துவிடுவதில்லை. காத்திருந்தவருக்கு ஏதாவது ஈடு செய்தாக வேண்டும் என்கிறார் ராஸ். வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனாலும் மனதில் ஓர் உறுத்தல் இருக்கும்.

அந்த உறுத்தலைக் காண்டின் கணக்கில் சேர்க்க இடமில்லை. கடமை இல்லாத ஒன்றை விட்டதற்கு யார் வருந்துவார்கள்? ஐக்மனுக்கும் அது தேவைப்படவில்லை. மேலிடத்துக் கடனை அடைத்துவிட்டதாக நினைத்தவனுக்கு வேறு பாக்கி எதுவும் கண்ணில் படவில்லை. ராஸ் வரைந்த மனிதனுக்கோ ஒரு கடனை அடைக்கும்போதே இன்னொன்று பாக்கி விழுகிறது, அதை அவன் மறப்பதுமில்லை.

ராஸிடம் குறை இல்லாமல் இல்லை. எது கனம் என்று நிறுத்துப் பார்க்க அவர் தராசு எதுவும் தரவில்லை. பார்த்தால் தெரியும் என்கிறார். இது போதாது, சோம்பேறிகளுக்கு வசதியாகப் போய்விடும் என்று விமர்சகர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாக்கை மீறுகிற எவனும் 'அதைவிடக் கனமான வேலை வந்துவிட்டது' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவன் மறுநாள் காத்திருந்தவரின் வீட்டுக்குப் போகிறானா, போனை எடுக்காமல் இருக்கிறானா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.