தன்னிலை அறியும் உரிமை

'நான் யார்?' என்னும் வினாவை உலகின் முன் வைத்த இரமண மகரிசி 1879இல் தோன்றிய ஊர் திருச்சுழி. அவருக்கு அவ்வினா மெய்ஞ்ஞானத்தின் வாயில். அதே வினாவைச் சட்டத்தின் முன் எழுப்பி விடை காணாது நிற்கும் இளையோர், அண்மையிலுள்ள மல்லாங்கிணறு இலங்கைத் தமிழர் முகாம் போன்ற இடங்களில் உளர்.

1983க்குப் பின் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். இம்மண்ணிலேயே பிறந்தோர் பலர். அவருள் பெற்றோரை இழந்து பாட்டியிடமோ, உறவினரிடமோ, இல்லங்களிலோ வளர்வோர் நிலையே நம் கவலைக்குரியது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தம் நிலையறிந்து திகைப்போரும் உண்டு.

'பிஞ்சு மனம் நோகுமே' என வளர்ப்போர் மறைப்பது அன்பினால்தான். எனினும் அம்மறைப்பு நன்மை பயவாது என்பதே நம் துணிபு. ஏனெனில் சட்டம் நாளையும் சான்றையும் நோக்குவது. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்தியாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். பின்னர்ப் பிறந்தோர்க்குப் பெற்றோரின் குடியுரிமையும் நோக்கப்படும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்மணி ஒருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது இவ்விதி பற்றியே. ஆகவே, மறைந்த தாயின் பிறப்புச் சான்றும் பிள்ளையின் வழக்கிற்கு உயிர்நாடியாகலாம். இலங்கைக் குடியுரிமை நாடுவோர் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிதல் வேண்டும். 2015 சனவரி 9க்குள் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து நடுவணரசு 2025இல் விலக்களித்தது. ஆயினும் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்கு எடுத்துரைப்பார் யார்?

வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைத்தல் நீதியென்று திருமறை பணிக்கின்றது. வளர்ப்போரின் அன்பு, பிள்ளையின் பிறப்புரிமையை மறைத்தலாகாது என்பதன்றோ அதன் உட்பொருள்!

ஆதலின், பள்ளிப் படிப்பு முடியுமுன்னரே உண்மையை உரைப்போம். பெற்றோரின் பிறப்பு, இறப்புச் சான்றுகளையும் முகாம் அடையாள அட்டையையும் தொகுத்து அவர் கையில் அளிப்போம். மகளிர்க்கும் சிறார்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி நல்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. அதன் வாயில்வரை உடன் செல்வோம். சோறிட்டு வளர்ப்பது அறம். தன்னிலை அறிவித்து வளர்ப்பது அவ்வறத்தின் நிறைவு. கல்லூரி ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு.