பொலன்னறுவைக் கல் சொல்லும் பாடம்: சாட்சியம் யார் காவலில்?

2012 டிசெம்பர் 29 மாலை, பொலன்னறுவை வானில் ஒரு தீப்பந்து தென்பட்டது. அரலகங்வில பகுதியில் பொறுக்கப்பட்ட கற்கள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், அங்கிருந்து பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றன. சில வாரங்களுக்குள், 2013 ஜனவரியில், இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்கவின் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இது காபன் செறிந்த விண்கல் என்றும், இதனுள் டயற்றம் எனும் நுண்பாசியின் புதைபடிவம் உள்ளது என்றும், பூமிக்கு வெளியே உயிர் இருந்ததற்கு இதுவே சான்று என்றும் அது கூறியது.

விண்கல் ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. அனுப்பப்பட்ட துண்டுகள் 628. அவற்றுள் விண்கல்லாக இருக்கலாம் என அக்குழுவே பிரித்தெடுத்தவை மூன்று மாத்திரமே. மின்னல் தாக்கி உருகிய மண்ணாகவும் அவை இருக்கலாம் என்றனர் விமர்சகர்கள். படங்களில் தெரிந்த டயற்றங்கள் இன்றும் நன்னீரில் வாழ்பவை என்றும் சுட்டிக்காட்டினர். வயல் மண்ணிலும் குளத்து நீரிலும் கிடந்த கல்லுக்குள் குளத்துப் பாசி இருப்பதில் என்ன வியப்பு?

இதனால்தான் அந்தாட்டிக்கப் பனியில் கிடைக்கும் விண்கற்களுக்குத் தனி மதிப்பு. அங்கே கல்லைக் கையால் தொடுவதில்லை. இலக்கமிட்டு, படமெடுத்து, சுத்தமான பையிலிட்டு, உறைநிலையிலேயே அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு அனுப்புகிறார்கள். கனிமங்களையும், தேவைப்படும்போது ஒட்சிசன் சமதானிகளின் விகிதத்தையும் அளந்த பின்னரே அது எந்த வகை என்று தீர்மானிக்கிறார்கள். சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயரிடல் குழு ஏற்றால்தான் பெயரும் வகையும் உறுதியாகும். 2017 ஜூன் 6 இல் இராஜஸ்தானின் முகுந்த்புராவில் விழுந்த கல், இத்தகைய ஆய்வுகளின் வழியே சிஎம்2 வகைக் காபன் விண்கல் என உறுதியானது.

எங்கே எடுத்தது, யார் எடுத்தது, யார் காவலில் இருந்தது, யார் பரிசோதித்தது? இந்தக் கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. மன்னார் சதொச வளாகப் புதைகுழியின் எலும்பு மாதிரிகள் காபன் பரிசோதனைக்காகப் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, அவை 1404–1635 காலத்தவை என 2019 மார்ச்சில் அறிக்கை வந்தபோதும் இதே கேள்விகள்தான் எழுந்தன. ஆய்வுகூடம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், தன் கைக்கு வந்த மாதிரியைப் பற்றி மட்டுமே அதனால் பேச முடியும். அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டியது பதிவேடு.

இரத்மலானையைத் தாண்டினால் கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது. அடுத்த கல் விழுமுன், அதைக் கண்டெடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கிருந்து மூன்று மொழியிலும் அறிவிக்கலாம். புதைகுழிகளுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். கல்லுக்குத் தவறான பெயர் வைத்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு அந்த அவகாசம் இல்லை.