அறக்குளா முள் பூனைக்கு, கல்சியமும் பூனைக்கு

எலும்பு வளர வேணுமென்றால் பால்மா. இந்தப் பாடத்தை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தைவிட டீவி விளம்பரம்தான் நன்றாகப் படிப்பித்தது. கற்பிட்டியிலும் சரி, உடப்பிலும் சரி, நாங்கள் எல்லாரும் அதை நம்பித்தான் வளர்ந்தோம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருக்கு. 2021 ஒக்டோபரில் 400 கிராம் பக்கெட் 480 ரூபாய். 2022 மார்ச்சில் அதே பக்கெட் 790 ரூபாய். நாட்டில் டொலர் இல்லை, கடைக்கு முன்னால வரிசை. வாங்க முடியாத உம்மாமாரும் அம்மாமாரும் பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று கவலைப்பட்டார்கள். நெத்தலியும் சாளையும் காய்கிற வாடிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இந்தக் கவலை!

கணக்கு லேசானது. மீனில் கல்சியம் அதிகம் இருப்பது முள்ளில். அறக்குளா கறி ஆக்கினால் முள்ளைப் பூனைக்குப் போடுகிறோம், கல்சியமும் பூனைக்குப் போகுது. நெத்தலியை முள்ளோடு மென்று தின்கிறோம், அது எங்களுக்கு. இது சும்மா ஊர்க்கதை இல்லை. பங்களாதேசத்தின் சிறு மீன்களை ஆராய்ந்த சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. முள்ளோடு சாப்பிடும் சிறு மீனிலிருந்து உடம்பு எடுக்கிற கல்சியம் பாலுக்குச் சளைத்ததில்லை என்று காட்டியதில் அவருக்கும் பங்குண்டு. நாங்களோ நெத்தலியை 'ஏழைச் சாப்பாடு' என்று ஒதுக்குகிறோம். சுற்றிவரக் கடல் உள்ள இந்த நாடு நெத்தலிக் கருவாட்டையும் இறக்குமதி செய்யுது.

பால் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பசுப்பால் கிடைத்தால் தாராளமாகக் குடியுங்கோ. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதும் உண்மை. உப்புக் கூடினால் சிறுநீரோடு கல்சியமும் வெளியேறும். அதனால் ஊறவைத்துக் கழுவி ஆக்க வேணும், பச்சை நெத்தலி கிடைத்தால் இன்னும் நல்லது. கூடவே முருங்கை இலைச் சுண்டல், குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை. கல்சியத்தை உடம்பில் சேர்க்க விட்டமின் டி வேணும், அதற்கு வெயில் இருக்கு. புத்தளத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் ஒரு கேள்வியை மீன் தீர்க்காது: வீட்டில் அதை யார் தின்பது? ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் மிஞ்சுகிற ஆணத்தோடு சோற்றை முடிக்கிற பெண்கள் எங்கட வீடுகளில்தான் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகத் தேய்வதும் அவர்களுடைய எலும்புதான். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் 'வயசு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வயசு மட்டுமா காரணம்? வருசக்கணக்காக அவர்கள் தட்டில் வைக்காத மீனுக்குப் பங்கில்லையா?

எலும்பின் சேமிப்பு ஏறக்குறைய 30 வயதோடு முடியும். அதற்குப் பிறகு செலவுதான். ப்ளேன்டீயும் பணிசுமாகப் பகலை ஓட்டுகிற கம்பஸ் பிள்ளைகளான எங்களுக்கு மிச்சம் சில வருசம்தான்.

ஆகவே எங்கட கோரிக்கை இரண்டு. கரையோரப் பள்ளிக்கூடங்களின் பகல் சாப்பாட்டில் எங்கட கரைவலை நெத்தலி வர வேணும். வீட்டில் பெண்களின் தட்டுக்கு மீன் முதலில் போக வேணும். முதலாவதற்கு அரசாங்கம் மனம் வைக்க வேணும். இரண்டாவதை இன்று ராவே தொடங்கலாம்.