பெருநாள் சஹனில் பிள்ளைக்கு இடமில்லையா?



நோன்புப் பெருநாளைக்கு இன்னும் சில நாட்கள்தான். பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் இந்நாட்களில் சுற்றிச் சுற்றி வருவது ஒரே கேள்விதான்.

"டீச்சர், எண்ட மகன் ஒண்டும் சாப்பிடுறானில்ல. பெருநாளைக்கு அவனுக்கெண்டு தனியா என்ன செய்யலாம்?"

"மகளுக்கு நகட்ஸும் சிப்ஸும் மட்டும்தான். கையில எடுத்துச் சாப்பிடுற மாதிரி லேசான ஐட்டம் ஏதும் சொல்லுங்களேன்."

கேட்கிற உம்மாமார் மீது எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. நோன்போடு நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவர்கள் அவர்கள். எங்கள் கோபம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிற "தனியா" என்ற சொல்லின் மீதுதான். பிள்ளைக்குத் தனிச் சாப்பாடு, தனிக் கோப்பை, தனி மூலை, கையில் ஒரு போன். இந்தப் பழக்கத்தை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது யார்?

நிதானமாக யோசித்துப் பாருங்கள். கையால் எடுத்துத் தின்னும் உணவை வெளிநாட்டுக்காரன் வீடியோ போட்டுத்தானா நமக்குச் சொல்லித்தர வேண்டும்? சம்சா, கட்லட், ரோல்ஸ், பெட்டிஸ், தொதல், மஸ்கட், முறுக்கு, கொக்கிஸ், பணியாரம். நம் பெருநாள் மேசையில் கரண்டி கேட்கிற பலகாரம் எத்தனை? பிரியாணியையே சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து கையால் தின்கிற சமூகம் நாம். பெருநாள் தொழுகைக்குப் போகும் முன் நபி (ஸல்) அவர்கள் ஒற்றைப்படையாகப் பேரீச்சம்பழங்களை உண்டுவிட்டுப் போவார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நோன்புப் பெருநாளின் முதல் உணவே ஒரு பிள்ளை தன் கையால் எடுத்து வாயில் வைக்கக்கூடிய ஒன்றுதான்.

ஆகவே "பிள்ளைகள் உணவு" என்று தனியாக ஒன்று நமக்குத் தேவையில்லை. பெரியவர்களுக்குச் செய்கிற அதே பலகாரத்தை அளவில் சிறிதாக, உறைப்புக் குறைத்துச் செய்து, செய்கிற வேலையில் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, நம்மோடு உட்கார வைத்தால் போதும். இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்.

"அப்படி வைத்தாலும் தின்னமாட்டானே" என்பீர்கள். ஏன் தின்னமாட்டான் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிறந்த முதல் வருடத்தில் பிள்ளையின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதன்பின் வளர்ச்சியின் வேகம் குறைகிறது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். வேகம் குறைந்தால் பசியும் குறையும். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவதும் அந்த வயதின் இயல்பு. ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்குப் பத்து, பதினைந்து தடவைகள்கூட அது கண்முன் வரவேண்டியிருக்கும். நாமோ இரண்டு தரம் கொடுத்துப் பார்த்து, மூன்றாம் தரம் "இவனுக்கு இது புடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைப் பிள்ளையும் நம்பிவிடுகிறது.

வீட்டில் கடலையைத் தொடவே மாட்டாள் என்று சொல்லப்பட்ட பிள்ளை, இடைவேளையில் கூட்டாளியின் பெட்டிக்குள் கைவிட்டுக் கடலை தின்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறோம். அங்கே யாரும் அவளைக் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் தின்றாள், இவளும் தின்றாள். சஹன் செய்கிற வேலையும் இதுதான். நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா என்ற சிறுவரின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலது கையால், தனக்கு முன்னால் இருப்பதை உண்ணும்படி கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சிறுவர் பெரியவர்களின் தட்டில் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். தனி மூலையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஒழுக்கத்தை யார் கற்றுக்கொடுப்பது?

அடுத்தது, பெருநாள் வீடுகளில் நடக்கிற அநியாயம். மாமி, சாச்சி, பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடியிருக்கிற சபையில், "இவன் ஒண்டும் சாப்பிடமாட்டான், எலும்பும் தோலும்தான்" என்று பிள்ளையைக் காட்டிப் பேசுவது. வாயைப் பிடித்து ஊட்டுவது. "இதைத் தின்றால்தான் பெருநாள் காசு" என்று பேரம் பேசுவது. உடும்பு இறைச்சி முன்னால் வைக்கப்பட்டபோது, அது தம் ஊரில் இல்லாத உணவு, தமக்கு விருப்பமில்லை என்று நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த காலித் இப்னு வலீத் (ரழி) அவர்கள் அதை உண்டார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பெரியவர்களுக்கு இருக்கிற இந்த உரிமை நாலு வயதுப் பிள்ளைக்கு இல்லையா? என்ன உணவு, எத்தனை மணிக்கு, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு தீர்மானிக்கட்டும்.

ஆனால் அந்த வயிற்றைக் காலையிலிருந்தே சோடாவாலும் டொபியாலும் நிரப்பிவிட்டு, பகல் சஹனில் "தின்கிறானில்லை" என்று அழுவதில் நியாயம் இல்லை. 2016 முதல் நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்புக் குறியுள்ள பானத்தில் ஒரு சின்னக் கிளாஸ், அதாவது 200 மில்லிலீற்றர் குடித்தால், ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. பெருநாளன்று ஒன்று தின்றால் ஆபத்து என்று நாங்கள் சொல்லவில்லை. "எண்ட பிள்ளைக்கு இது மட்டும்தான் இறங்கும்" என்று தினமும் கொடுக்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறோம்.

இன்னொரு கூத்து, கரடி முகத்தில் சேண்ட்விச், நட்சத்திர வடிவில் கெரட், ஏழு நிறத்தில் ஜெலி என்று படம் எடுத்துப் போடுவது. அதைப் பார்க்கிற இன்னொரு உம்மா, தான் நல்ல உம்மா இல்லையோ என்று வெந்துபோகிறாள். பிள்ளைக்கு அந்தக் கரடி முகம் தேவைப்படவில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். எல்லோர் வீட்டிலும் உள்ள சாமானைக் கொண்டே சொல்கிறோம்.

1. கட்லட். அரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு டின்மீன். கிழங்கை அவித்து மசித்து, டின்மீனை நீர் வடித்து முள் எடுத்துச் சேருங்கள். வதக்கிய வெங்காயம், உப்பு, கொஞ்சம் மிளகுதூள். பச்சை மிளகாய் போடும் முன் பாதியைப் பிள்ளைகளுக்கென்று எடுத்துவிடுங்கள். இரண்டு கடியில் முடிகிற அளவுக்குப் பிடித்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க்தூளில் பிரட்டிப் பொரியுங்கள். பெரியவர்களுக்கும் அதே கலவைதான், மிளகாய் மட்டும் கூடுதல்.

2. வட்டிலப்பம். கிண்ணத்தில் வைத்தால் பிள்ளை பாதியில் விட்டுவிடும். 250 கிராம் கித்துள் கருப்பட்டி, 5 முட்டை, ஒரு கப் கட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய். வடித்து, தட்டையான தட்டில் ஊற்றி, மூடி, மெல்லிய நெருப்பில் அவித்து, நன்றாக ஆறவிட்டுச் சதுரமாக வெட்டுங்கள். கையில் எடுக்கலாம்.

3. பேரீச்சம்பழத் தட்டை. விதை எடுத்த பேரீச்சம்பழம் இருபது, வறுத்த தேங்காய்ப்பூ இரண்டு கைப்பிடி. பிசைந்து தட்டையாகத் தட்டிவிடுங்கள். அடுப்பும் எண்ணெயும் தேவைப்படாது.

4. பாணித் தேங்காய் உருட்டிய பேன்கேக். நீளமாக உருட்டி மூன்று துண்டாக வெட்டினால் சின்னக் கைக்கு அளவாக இருக்கும்.

5. பழம். வத்தகப்பழம், பப்பாசி, வாழைப்பழம், அன்னாசி. விரல் நீளத்தில் வெட்டி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுத் திராட்சை, முழுக் கச்சான், உருண்டையான டொபி கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். திராட்சையை நீளவாட்டில் நான்காக வெட்டுங்கள். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் தின்ன விடாதீர்கள்.

இதையெல்லாம் செய்வது யார்? இங்கேதான் வாப்பாமாரிடம் ஒரு வார்த்தை. கடைசிப் பத்து நாட்கள் உங்களுக்குப் பள்ளிவாசல், இரவுத் தொழுகை, குர்ஆன். அதே பத்து நாட்களும் வீட்டிலுள்ள பெண்ணுக்கு மாவும் எண்ணெய்ச் சட்டியுமா? இரவின் நன்மை அவளுக்கும் வேண்டும். கிழங்கு உரிக்கவும் தேங்காய் துருவவும் உங்களுக்குத் தெரியாதா? நபியவர்கள் வீட்டு வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று பயான் கேட்டால் மட்டும் போதுமா?

பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். ரஸ்க்தூளில் பிரட்ட நாலு வயதுக்காரனால் முடியும். பேரீச்சம்பழத்தில் விதை எடுக்க ஆறு வயதுக்காரியால் முடியும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் விடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான பதவி ஒன்று இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் நோன்பு, உப்புப் பார்க்க ஆளில்லை. அந்த வேலையை நோன்பு பிடிக்காத சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். "மகன், உப்புக் காணுமா? சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாய்கூட வைக்கமாட்டேன் என்றவன், வீட்டுக்கே தீர்ப்புச் சொல்கிறவனாக நாலு தரம் ருசி பார்ப்பான். தான் உருட்டிய கட்லட்டை வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போதும் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். எடை கூடாமல் நின்றுவிட்ட பிள்ளை, விழுங்கவே சிரமப்படுகிற பிள்ளை, இரண்டு மூன்று உணவைத் தவிர எதைக் கண்டாலும் அலறுகிற பிள்ளை இருந்தால், கிளினிக் கொப்பியிலுள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்லி அடிக்காதீர்கள். உம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்லிக்கொண்டும் இருக்காதீர்கள்.

மற்ற வீடுகளிடம் எங்கள் வேண்டுகோள் இது. இந்தப் பெருநாளன்று போனைத் தூர வையுங்கள். ஒரு சஹன் வையுங்கள். உறைப்பில்லாத ஒரு துண்டுக் கோழி, ஒரு கிழங்கு, பாதி முட்டை என்று பிள்ளையின் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, பிஸ்மி சொல்லித் தொடங்குங்கள். பிள்ளை தின்றாலும் தின்னாவிட்டாலும் யாரும் ஒன்றும் பேசவேண்டாம்.

அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளின் உணவில் பரக்கத் செய்வானாக.

ஈத் முபாரக். உடன்படுகிறவர்கள் ஷெயார் பண்ணுங்கள். உடன்படாதவர்கள் கொமெண்டில் வந்து வாதாடுங்கள், பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.